காத்திருக்கும் நாட்களும் சிகிச்சையே

புற்றுநோய்தான் என்று பயாப்ஸி முடிவு கைக்கு வரும் நாளுக்கும், நோயாளி அறுவை அரங்குக்கோ கதிர்வீச்சு அறைக்கோ போகும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. ஸ்கேன் எடுக்க வேண்டும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் வர வேண்டும், மயக்க மருத்துவர் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், படுக்கை காலியாக வேண்டும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டர் கடந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிற குடும்பத்துக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி, இரண்டு பஸ் மாற்றம். கூட வருகிறவரின் கூலியும் அதோடு போகிறது. இந்த வாரங்களை நம் மருத்துவ அமைப்பு வெறும் காத்திருப்பாகவே நடத்துகிறது. நோயாளியோ அந்த நாட்களில் பயத்தால் சாப்பாட்டைக் குறைத்து, இளைத்து, படுத்த படுக்கைக்கு நெருங்கிவிடுகிறார். இந்த நாட்களைச் சிகிச்சையின் முதல் கட்டமாக மாற்ற முடியும். காவிரி டெல்டாவில் அதற்கு வேண்டிய ஆட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களை இந்த வேலையில் இணைக்கும் உத்தரவும், நோயாளியின் தட்டில் விழ வேண்டிய உணவும்தான் இல்லை.

சிகிச்சைக்கு முன்பே உடலைத் தயார் செய்யும் இந்த முறையை மருத்துவ உலகம் ப்ரீஹாபிலிடேஷன் என்கிறது; தமிழில் முன்னாயத்தம் எனலாம். உடற்பயிற்சி, புரதம் மிகுந்த உணவு, மனத்துக்குத் துணை ஆகிய மூன்றும் சேர்ந்தது இது. புகை, புகையிலை, மது நிறுத்துவதும், ரத்தசோகையையும் சர்க்கரையையும் சரிசெய்வதும் கூடவே வரும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியர் ஃபிரான்செஸ்கோ கார்லியின் குழு 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொள்ளவிருந்த 77 பேரில் ஒரு பிரிவினருக்கு இந்தக் கவனிப்பை அறுவைக்கு ஏறத்தாழ 4 வாரம் முன்பே தொடங்கினார்கள். மறு பிரிவினருக்கு அறுவைக்குப் பிறகு தொடங்கினார்கள். அறுவை முடிந்து 8 வாரத்தில், நடக்கும் திறனில் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ வந்தவர்கள் முதல் பிரிவில் 84 சதவீதம், இரண்டாவதில் 62 சதவீதம். பல நாடுகளில் 251 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கடுமையான சிக்கல்கள் வந்தவர்கள் முன்கூட்டித் தயாரானவர்களிடையே 17.1 சதவீதமாகவும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடையே 29.7 சதவீதமாகவும் இருந்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரம் 2019-லிருந்து இதைப் பொது மருத்துவச் சேவையின் ஓர் அங்கமாகவே நடத்துகிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடல்களில் நடந்தவை. நம் பக்கத்து நிலைமை வேறு. குடல், இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 5,709 பேரை 75 நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு இருந்தது. ஏழை நாடுகளையும் இந்தியா போன்ற கீழ்நடுத்தர வருமான நாடுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஆறு பேருக்கு. அறுவைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் நேரும் மரணங்களில் கணிசமான பங்கு இந்தக் குறைவால் வருவது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. டெல்டாவில் இந்தப் பலவீனம் எல்லா வீட்டிலும் சமமாக இல்லை. திருவாரூர் மாவட்ட மக்களில் 34 சதவீதம் பட்டியல் சாதியினர். நிலமில்லாமல் தலைமுறை தலைமுறையாக நாற்றும் நடவும் களையும் அறுவடையுமாக உழைத்த குடும்பங்கள் இவர்களிடையேதான் மிகுதி. நெல் விளையும் ஊரில் வயிறு நிறைய சோறு கிடைக்கிறது. 2011-லிருந்து ரேஷன் அரிசியும் இலவசம். ஆனால் சோறு நிறைந்த தட்டில் புரதம் குறைவு. வயிறு நிறைந்தும் உடல் தேறாத இந்த நிலையில்தான் புற்றுநோய் வந்து சேர்கிறது.

வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால் முன்னாயத்தம் எவ்வளவு கைக்கெட்டும் வேலை என்பது தெரியும். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை இந்த மண்ணின் பெருமை. வயலில் குனிந்து நிற்கும் வேலைக்கு நடுவே பசியை மறக்க வைப்பதும் வெற்றிலை, பாக்கு, புகையிலைதான். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. பாக்கு, வாயின் உட்சதையை நாராக இறுக்கி, திறக்கும் அளவையே குறைத்துவிடும். நோயாளி தன் மூன்று விரல்களைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும், நிலைமை புரிந்துவிடும். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் ஐஸ் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு ஒரு குச்சி கூட்டி வாய் திறக்கும் பயிற்சியை மருத்துவர் சொன்னபடி அன்றே ஆரம்பிக்கலாம். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பிடுங்கிப் புண் ஆற விட வேண்டும். கதிர்வீச்சு கொடுத்த பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. இதற்கு வேண்டியது ஒரு பல் மருத்துவரும் ஒரு முழு முற்பகலும். கதிர்வீச்சுச் சிகிச்சையோ வாரத்துக்கு 5 நாள் வீதம் 30 முதல் 35 தடவை. நடுவில் உடல் தளர்ந்து விடுபடும் ஒவ்வொரு நாளும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பை ஏறத்தாழ 1 சதவீதம் குறைக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே கதைதான்: முழு கதிர்வீச்சும் 8 வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். முதல் நாளிலேயே நிற்கத் தெம்பில்லாத உடல் ஐந்தாவது வாரத்தை எப்படித் தாண்டும்?

உணவுக் கணக்கும் எளியதுதான். புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது பொதுவான மருத்துவப் பரிந்துரை. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைந்தது 54 கிராம். அவர் நாளெல்லாம் உண்ணும் 300 கிராம் அரிசியிலிருந்து இருபது கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டு முட்டை 12 கிராம், ஐம்பது கிராம் வேர்க்கடலை 12 கிராம், ஐம்பது கிராம் பயறு 11 கிராம் தரும். கணக்கு நேராகிவிடுகிறது. இன்றைய விலையில் இந்தக் கூடுதல் உணவுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. பயறோ இங்கேயே விளைகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். உளுந்தங்கஞ்சி இந்த வீடுகளுக்குப் புதிதல்ல. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுத்துப் பழகியதுதான். இதற்குக் குறுக்கே நிற்பது பணம் மட்டுமல்ல, பத்தியமும்தான். நோய் என்று தெரிந்தவுடன் முட்டை சூடு, மீன் ஆகாது, கடலை சாப்பிட்டால் புண்ணில் சீழ் வைக்கும் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறார்கள். அன்போடு செய்யப்படும் இந்தப் பத்தியம், தசை கரைந்துகொண்டிருக்கும் உடலிலிருந்து கடைசிப் புரதத்தையும் பறித்துவிடுகிறது. விழுங்க முடியாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கணக்கு மாறும். அதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல, அவர்கள் சமையல்கட்டையும் அவர்கள் பேச்சையும் அறிந்த ஒருவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர் டெல்டாவில் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறார்கள். இயன்முறை மருத்துவர்கள் பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறார்கள். முற்றிய நோயாளிகளின் வலியைத் தணிக்கும் செவிலியர்களும் வருகிறார்கள். புற்றுநோய் வந்து சிகிச்சை தீர்ந்துபோனவரின் வீட்டுக்குப் போகத் தெரிந்த இந்த அமைப்பு, சிகிச்சைக்குப் புறப்படுகிறவரின் வீட்டுக்கும் போக வேண்டும். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்றப்படும் அதே இரும்புச்சத்து ஊசியைப் புற்றுநோயாளிக்கும் மருத்துவர் சொல்படி அங்கேயே ஏற்றலாம். நுரையீரலுக்குப் பயிற்சி தரும் மூன்று பந்துக் கருவியைப் பல நோயாளிகள் வாயால் ஊதுகிறார்கள். உண்மையில் மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்த வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து நிற்பதைப் பத்து முறை செய்யவைத்துப் பார்த்தால் காலின் பலம் தெரிந்துவிடும். மறு வாரம் வந்து அதையே பார்த்தால் முன்னேற்றமும் தெரிந்துவிடும். இந்தச் சின்ன விஷயங்களைப் பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆள் இருப்பதுதான் முன்னாயத்தத்தின் உயிர்.

தமிழ்நாடு இதே மாதிரியான ஒரு வேலையை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவருக்கும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து ஒரே தாளில் குறிக்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. உணவின் பலத்தை ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு காட்டியது: உணவுப் பொட்டலம் பெற்ற காசநோயாளிகளில் முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. காசநோயும் புற்றுநோயும் ஒன்றல்ல. ஆனால் மெலிந்த உடலில் மருந்து மட்டும் தனியாக வேலை செய்துவிடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்பே ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரி முடிக்க வேண்டும், தண்ணீர் வந்த பிறகு தூர்வாருவது வீண் என்று டெல்டா விவசாயிகள் ஆண்டுதோறும் அரசோடு வாதாடுகிறார்கள். அரசும் அதற்கென்று பணம் ஒதுக்குகிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர முன்வேலை வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் அரசு, கடைமடை வீட்டுக்குச் சிகிச்சையின் பலன் போய்ச் சேரவும் முன்வேலை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, புற்றுநோய் காத்திருக்காது என்பது. உண்மைதான். சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனால் அறுவை சிகிச்சையில் மரண அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுவதாக 2020-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே உடலைத் தேற்றுகிறோம் என்று ஒரு நாள்கூடச் சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது. ஊட்டம் மிக மோசமாக இருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம். நான் கேட்பது, ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் நாட்களைப் பயன்படுத்துவதை மட்டுமே. காத்திருப்பு 5 வாரம் என்றால் அதைக் குறைக்கப் போராட வேண்டும். குறையும் வரை அந்த 5 வாரமும், குறைந்த பிறகு மிஞ்சும் 2 வாரமும் வெறுமையாகப் போகக் கூடாது. முன்னாயத்தம் இருக்கிறதே என்று நிர்வாகம் தாமதத்துக்குச் சமாதானம் தேடிவிடாமல் பார்த்துக்கொள்ள, பயாப்ஸி முடிவு வந்த தேதியையும் சிகிச்சை தொடங்கிய தேதியையும் ஒரே பதிவேட்டில் எழுதி மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

ஆதாரம் முழுதாக இல்லை என்பது அடுத்த வாதம். இதிலும் நியாயம் உண்டு. சுவீடனில் பெருங்குடல் புற்றுநோயாளிகளை வீட்டில் தாங்களாகவே பயிற்சி செய்யச் சொன்ன பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. நலிந்த முதியவர்களிடம் கார்லியின் குழுவே செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும் அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் குறையவில்லை. இவற்றை ஒதுக்கிவிட்டு வாதாடுவது சரியல்ல. ஆனால் இவை சொல்வதைக் கவனமாகக் கேட்டால் ஒன்று தெளிவாகிறது. 2023-இல் நல்ல பலன் காட்டிய ஆய்வில் வாரம் மூன்று முறை பயிற்றுநர் பக்கத்தில் இருந்தார், புரதம் கையில் கொடுக்கப்பட்டது. பலன் காட்டாத சுவீடன் ஆய்வில் அறிவுரைதான் பிரதானம். 'நல்லா சாப்பிடுங்கம்மா, நடங்க' என்று புறநோயாளிப் பிரிவில் சொல்லி அனுப்புவதை முன்னாயத்தம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே இதன் பாடம். நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவரை வாரம் மூன்று முறை தஞ்சாவூருக்கு வரச் சொல்லவும் முடியாது. ஆகவே பயிற்றுநர்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படிச் செய்து, பலனை அளந்து, பலனில்லாததைக் கைவிட்டு முன்னேறுவதே நேர்மையான வழி.

வயலில் உழைக்கிறவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்றும் கேட்பார்கள். டெல்டாவின் உழைப்பு பருவத்துக்குக் கட்டுப்பட்டது. குறுவை, சம்பா, தாளடி நடவுகளில் முதுகு ஒடியும். நடுவே வேலையே இருக்காது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வேலை நாட்கள் இன்னும் சுருங்கிவிட்டன. நோய் வந்து படுத்தவருக்குத் தசை மிக வேகமாகக் குறைகிறது. முன்பு உழைத்த உழைப்பு சேமிப்பாக நிற்காது. மூச்சுப் பயிற்சியும் தாடைப் பயிற்சியும் எந்த வயல் வேலையிலும் கிடைக்காதவை. இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு: இல்லாதவரிடம் போய் முட்டை சாப்பிடு, மன தைரியமாக இரு என்று சொல்வது, நாளை ஏதாவது ஆனால் பழியை அவர் தலையிலேயே போடுவதாகாதா? ஆகும், சொல்வதோடு நிறுத்தினால். அதனால்தான் உணவைக் கொடுப்பதை இந்தத் திட்டத்தின் முதல் செலவாக வைக்க வேண்டும் என்கிறேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது காப்பீட்டுத் திட்டம். ஒரு மாதத்துக்கு 1,500 ரூபாய்க்குள் முடியும் உணவுக்கு அதில் இடமில்லை. அறுவைக்குப் பின் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதலாகக் கிடக்கும் ஓரிரு நாளின் செலவைவிட இது குறைவு.

மனத்தைத் தயார் செய்வதை எளிதில் விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. கத்தி வைத்தால் பரவிவிடும் என்ற பயம் இன்றும் பலரை மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. வயதானவர்களிடம் நோயின் பெயரையே மறைத்து 'புண்ணுதான், ஆறிடும்' என்று சொல்லிக் கூட்டிவரும் பிள்ளைகள் ஏராளம். என்ன நோய் என்றே தெரியாதவரிடம் எதற்காக இந்தப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? ஆனால் கையில் ஒரு வேலை கொடுத்தால் பேச்சு தானாகத் திறக்கும். 'இன்னும் மூணு வாரத்துல ஆபரேஷன், அதுக்குள்ள இவ்வளவு நடக்கணும்' என்று சொல்லத் தொடங்கும்போது, எதை மறைப்பது என்று தவித்த குடும்பம் எதைச் செய்வது என்று யோசிக்கத் தொடங்குகிறது. அதே சிகிச்சையை முடித்து ஊரில் நடமாடும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, ஒரு முறை வீட்டுக்கு அழைத்துவந்து பேசவைக்கலாம். மருத்துவர் சொல்வதைவிட அவர் சொல்வது அங்கே எடுபடும்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் பதில் தெளிவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாய், கருப்பை வாய் ஆகிய இரண்டு புற்றுநோய்களோடு தொடங்கலாம். பயாப்ஸி முடிவு தரப்படும் அன்றே எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை, வாய் திறக்கும் அளவு, பல், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளை நிரப்பி, அதன் நகலை நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அந்த ஊரின் தன்னார்வலர் மூன்றாம் நாளுக்குள் உணவுப் பையோடு வீட்டில் நிற்க வேண்டும். இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று முறை போக வேண்டும். அதற்கு அவர்கள் எண்ணிக்கையைக் கூட்டியாக வேண்டும். இருப்பவர்கள் தலையிலேயே சுமையை ஏற்றினால் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். திருவாரூரில் 2010 முதலும் நாகப்பட்டினத்தில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; ரத்தப் பரிசோதனையும் பல் பிடுங்குவதும் அங்கேயே முடியலாம். மருத்துவக் கல்லூரி இல்லாத மயிலாடுதுறைக்கு மாவட்ட மருத்துவமனையே மையமாகலாம். பயறையும் கடலையையும் கொண்டு விழுங்க எளிதான சத்துமாவு உருவாக்க, தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

2023-இல் 4 மாவட்டங்களில் தொடங்கிய மக்கள் அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் மாநிலம் முழுதும் விரிகிறது. இனி நோய் கண்டறியப்படுகிறவர்கள் கூடுவார்கள், காத்திருப்போர் வரிசையும் நீளும். கண்டுபிடிப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், வசதியுள்ளவர் உடம்பைத் தேற்றிக்கொண்டு சிகிச்சைக்குப் போவார், இல்லாதவர் இருப்பதையும் இழந்துவிட்டுப் போவார். ஒரே மருத்துவர், ஒரே இயந்திரம், ஒரே மருந்து இருந்தும் இருவருக்கும் பலன் ஒன்றாக இராது. அரசு உத்தரவு வரும் வரை காத்திருக்காமல் குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. பயாப்ஸி முடிவு வாங்கும் அன்று மருத்துவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: சிகிச்சை தொடங்க எத்தனை நாள் ஆகும்? ரத்தம் எவ்வளவு இருக்கிறது, அதை இப்போதே ஏற்ற முடியுமா? பல்லை முன்பே பார்க்க வேண்டுமா? என்ன சாப்பிட வேண்டும், எதையாவது நிறுத்த வேண்டுமா? எந்தப் பயிற்சியை இன்று தொடங்கலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் பெறுவது நோயாளியின் உரிமை. பதிலோடு உணவையும் ஆளையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்ப்பது அரசின் பொறுப்பு.